வாயில் மாடமும் கச்சேரி மேடையும்: பிஸ்மில்லா கானின் வாழ்வு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கலைஞன் ஒருவனின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றனர். அவனைத் தெய்வ அருள் கைவரப்பெற்ற தனியனாகக் காண்பது ஒரு வழி; ஒரு தேசத்தின் அல்லது ஒரு கொள்கையின் சின்னமாக்கி உயர்த்துவது மற்றைய வழி. ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் பிஸ்மில்லா கான் (1916 - 2006) பற்றி வெளிவந்துள்ள எழுத்துக்களில் இவ்விரு வழிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கங்கைக் கரையில் இறைக்காட்சி பெற்ற ஞானி என்பது ஒரு சித்திரம். சுதந்திர இந்தியாவின் மதச்சார்பின்மையைத் தம் மூச்சினால் ஊதிக் காட்டியவர் என்பது மற்றொரு சித்திரம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் ஒரே கேள்வியைத் தவிர்த்து விடுகின்றன. இக்கருவியை வாசித்தோர் யாவர்? எங்கே நின்று, யாருக்காக, எத்தகைய ஊதியத்துக்கு வாசித்தனர்? இவ்வினாக்களை எழுப்பாது எழுதப்படும் கலைஞர் வரலாறு, உழைப்பின் வரலாற்றை அருளின் வரலாறாக மாற்றிவிடுகின்றது.

பிஸ்மில்லா கானைப் பற்றிப் பேசுவோர் யாவரும் தவறாது கூறும் வாக்கியம் ஒன்று உண்டு: ஷெனாயை வாயிலிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதே அது. இவ்வாக்கியத்தையே நாம் ஈண்டு ஆராய விரும்புகின்றோம். கருவி மேடையேறியது என்பதில் ஐயமில்லை. அக்கருவியை நம்பி வாழ்ந்த தொழிலும் தொழிலாளரும் அதனோடு மேடையேறினரா என்பதே நமது வினா. இதனைத் தெளிவுபடுத்துவதற்கு, ஏறத்தாழ அதே காலப்பகுதியில் ஹிந்துஸ்தானி இசை மேடையில் இடம்பெற்ற மற்றோர் ஊதுகருவியான புல்லாங்குழலையும் இணைத்து நோக்குவது பயன்தரும். ஒரே காலத்தில் மேடைக்கு வந்த இரு கருவிகளுள் ஒன்று பல்கிப் பெருக, மற்றையது சுருங்கியமைக்கான காரணங்கள் இசையின் எல்லைக்குள் மட்டும் அடங்குவன அல்ல.

2

பிஸ்மில்லா கான் 1916 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் திகதி பீகாரிலுள்ள டும்ராவ் என்னும் ஊரிற் பிறந்தார். இயற்பெயர் கமருத்தீன். தந்தையார் பைகம்பர் பக்ஷ் கான் டும்ராவ் அரண்மனையில் ஷெனாய் வாசித்தவர். பாட்டனாரும் அவருக்கு முந்திய தலைமுறையினரும் அவ்வரண்மனையின் ஊழியத்திலேயே இருந்தனர். டும்ராவ் மகாராஜா என்று அழைக்கப்பட்டவர் உண்மையில் பெருநிலக்கிழார் ஒருவரே. நிலமானிய அமைப்பில் இசைஞனின் தொழில் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றதுபோல, அவன் நிற்க வேண்டிய இடமும் பரம்பரையாகவே வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த இடம் நௌபத்கானா எனப்படும் வாயில் மாடமாகும். கோட்டையிலும் கோவிலிலும் தலைவாயிலின் மேலமைந்த அம்மாடத்திலிருந்து முரசும் ஷெனாயும் குறித்த நேரங்களில் முழங்கின. அரசன் எழுந்தமையையும் கடவுளின் கதவு திறக்கப்பட்டமையையும் ஊருக்கு அறிவிப்பவன் ஷெனாய்க்காரன். அறிவித்தவன் வாயிலிலேயே நின்றான்.

நாதசுவரத்தை அறிந்த நமது வாசகர்க்கு ஷெனாயை விளக்குதல் எளிது. இரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. கூம்பு வடிவான குழல், இரட்டைச் சீவாளி, அடியில் விரிந்த அணசு ஆகியன இரண்டுக்கும் பொது. ஷெனாய் குறுகியது, ஒலியளவிற் சிறியது. ஒத்து நிற்க வேண்டிய இடத்தில் சுருதி பிடிக்கும் மற்றொரு ஷெனாய் நிற்கும். தவிலுக்குரிய இடத்தில் துக்கட் எனப்படும் இணை முரசு ஒலிக்கும். கருவி அமைப்பிலுள்ள இவ்வொற்றுமையைக் காட்டிலும் முக்கியமானது சமூக நிலையிலுள்ள ஒற்றுமையாகும். இரண்டுமே மங்கல வாத்தியங்கள். திருமணமும் ஊர்வலமும் இவையின்றி நடைபெறா. எனினும் மங்கலத்தை ஊதித் தருபவன் மங்கலம் நிகழும் வீட்டின் உள்ளே சமமாக அமரும் உரிமை பெற்றவனல்லன்.

வாய்வைத்து ஊதுவதால் எச்சில் தீட்டு உண்டாகும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இக்காரணம் ஆராய்ச்சிக்கு நிற்காது. புல்லாங்குழலும் உதட்டில் வைத்து ஊதப்படுவதே. ஆயினும் கண்ணனின் கைக்கருவி என்ற புராண மதிப்பு அதற்கு இருந்தமையால், தென்னாட்டில் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் போன்ற பிராமண வித்துவான்கள் அதனை எடுத்து ஊதுவதற்குத் தடையேதும் எழவில்லை. ஆகவே எச்சில் என்பது காரணமன்று, சாட்டு. ஒரு கருவி பரம்பரை ஊழியத்தோடு பிணைக்கப்பட்டதா, அன்றா என்பதே அதனை வாசிப்போனின் தகுதியைத் தீர்மானித்தது. நாதசுவரமும் ஷெனாயும் அவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தன.

ஆறு வயதளவில் பிஸ்மில்லா கான் காசிக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவருடைய மாமன் அலி பக்ஷ் 'விலாயத்து' கான் விசுவநாதர் கோவிலோடு தொடர்புடைய ஷெனாய் இசைஞராக இருந்தார். அவரே குரு. முஸ்லிம் ஒருவர் சிவன் கோவிலில் வாசித்தமை இன்று மத நல்லிணக்கத்தின் அழகிய சான்றாக எடுத்துக் கூறப்படுகின்றது. அவ்விணக்கம் உண்மையானது, அதனைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆனால் அது நல்லெண்ணத்தினால் மாத்திரம் உருவானதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. உயர்சாதியினர் கையிலெடுக்க விரும்பாத தொழிலை வேறு சிலர் செய்ய வேண்டியிருந்தது. வட இந்தியாவில் அச்சிலருள் முஸ்லிம் தொழிற்குடியினர் பெருந்தொகையினர். பட்டு நெய்தவரும் அவரே. ஷெனாய் ஊதியவரும் அவரே. உழைப்புப் பிரிவினை என்னும் கரடுமுரடான நிலத்திலேதான் பண்பாட்டு இணக்கம் என்னும் பயிர் விளைந்தது. நிலத்தை மறைத்துவிட்டுப் பயிரை மட்டும் புகழ்ந்தால், அந்நிலம் பறிபோகும் நாளில் பயிர் ஏன் வாடுகின்றது என்பதை எவராலும் விளக்கமுடியாது போகும்.

கங்கைக் கரையிலுள்ள பாலாஜி கோவிலில் அவர் ஆண்டுக்கணக்காகச் சாதகம் செய்தார். அங்கே ஒருநாள் தாடியுடைய பெரியவர் ஒருவர் தமக்குக் காட்சி தந்ததாகவும், அதனை வெளியிற் கூறியமைக்காக மாமன் தம்மை அறைந்ததாகவும் அவரே பின்னாளில் விவரித்துள்ளார். அவரது அனுபவத்தின் உண்மையை விசாரிப்பது நமது வேலையன்று. அக்கதை எவ்வாறு வழங்கப்பட்டு வருகின்றது என்பதே கவனிக்கற்பாலது. காட்சி கண்டது ஒருநாள். சீவாளியை நனைத்துப் பதப்படுத்தி, ஒரே சுரத்தில் மூச்சை நிறுத்திப் பழகியது பல்லாயிரம் மணித்தியாலங்கள். வரலாற்றெழுத்தில் அந்த ஒருநாள் இடம்பெறுகின்றது. ஏனைய நாட்கள் விடுபடுகின்றன. உழைப்பு அருளாக உருமாற்றம் பெறுவது இவ்வாறே.

3

இருபதாம் நூற்றாண்டின் நான்காம் தசாப்தத்தில் இந்தியாவின் இசைப் புரவலர் கூட்டம் மாறத் தொடங்கியது. சமஸ்தானங்களும் ஜமீன்களும் தளர்ந்தன. நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினர் நடத்திய இசை மாநாடுகளும், இசைத்தட்டுக் கம்பெனிகளும், வானொலியும் புதிய புரவலராயின. 1937 இல் கல்கத்தாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டில் பிஸ்மில்லா கான் வாசித்தமை ஷெனாயின் வரலாற்றில் திருப்புமுனை எனக் கருதப்படுகின்றது. அதனையடுத்து வானொலி அவரது ஒலியை நாடெங்கும் கொண்டு சென்றது. வாயிலில் நின்று ஊதியவனை ஊரார் போகிற போக்கிற் கேட்டனர். மேடையில் அமர்ந்தவனைப் பணம் கொடுத்து வந்தோர் அமர்ந்து கேட்டனர். கேட்கும் முறை மாறியபோது இசையின் பெறுமதியும் மாறிற்று.

இங்கு ஒரு திருத்தம் அவசியமாகின்றது. ஷெனாய் 1937 இற்குப் பின்னரே சாஸ்திரீயத் தகுதி பெற்றது என்று கூறுவது பொருந்தாது. வைகறைக்கும் நண்பகலுக்கும் அந்திக்கும் உரிய இராகங்களை அவ்வவ் வேளையிற் பிழையின்றி வாசிப்பது வாயில் மாடத்து இசைஞனின் அன்றாடக் கடமையாக இருந்தது. இராகங்களின் கால ஒழுங்கு பண்டிதர் நூல்களில் விவாதிக்கப்பட்டது. வாயில் மாடத்திலோ அது நாள்தோறும் கடைப்பிடிக்கப்பட்டது. ஆகவே ஷெனாய்க்காரரிடம் அறிவு முன்னரே இருந்தது. அவ்வறிவை அங்கீகரிக்கும் அதிகாரம் படைத்த கேட்போர் கூட்டமே புதிதாகத் தோன்றியது. தகுதி பெற்றது கருவியன்று, அதனைக் கேட்கக் கற்றுக்கொண்ட வர்க்கமே என்று கூறுவது கூடிய பொருத்தமுடையது.

இதே காலப்பகுதியில் புல்லாங்குழலை ஹிந்துஸ்தானி இசையின் தனிக்கருவியாக நிலைநிறுத்தியவர் பன்னாலால் கோஷ் (1911 - 1960). இன்று வங்காளதேசத்தில் உள்ள பாரிசாலிற் பிறந்த இவர், கல்கத்தாவிலும் பம்பாயிலும் திரைப்பட இசைத்துறையில் உழைத்தவர். 1947 இல் அலாவுத்தீன் கானிடம் மாணவராகச் சேர்ந்தவர். 1956 இல் டில்லி வானொலியின் தேசிய வாத்தியக் குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்றவர். நாட்டுப்புறத்தில் வழங்கிய சிறு குழல் கயால் இசையின் ஆழ்ந்த மந்தர சுரங்களுக்கு இடந்தரவில்லை. ஆகவே அவர் ஏறத்தாழ 32 அங்குல நீளமுள்ள பெருங்குழலை அமைத்து, அதில் ஏழாவது துளையையும் இட்டார். மேடைக்கு ஏற்பக் கருவி மாற்றப்பட்டது.

பிஸ்மில்லா கானின் வழி வேறு. அவர் கையாண்டது பெரிதும் தம் முன்னோர் கையாண்ட கருவியே. அவர் விரிவுபடுத்தியது அதனுள் ஊதப்பட்ட இசையை. துளைகள் திட்டமாக அமைந்த குழலொன்றில் வாய்ப்பாட்டின் வழுவல்களையும் நுண்ணிய அசைவுகளையும் கொண்டுவருதல் எளிதன்று. துளையைப் பாதி மூடும் விரலாலும், சீவாளியை உதடு அழுத்தும் அளவாலும், மூச்சின் வேகத்தாலுமே அதனைச் சாதிக்க முடியும். அவருடைய இசைத்தட்டுக்களைக் கேட்போர், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் செல்லும்போது இடையில் வெற்றிடம் எதுவும் இன்மையை உணர்வர். குரல் வளைவது போன்று குழல் வளைகின்றது. கயாலின் விரிவும் தும்ரியின் உருக்கமும் கஜ்ரி, சைத்தி முதலிய கிழக்குப் பிரதேச நாட்டார் பாடல்களின் எளிமையும் அவரிடத்தில் ஒன்றிணைந்தன. பயிர் நடுவோரும் மாவரைக்கும் பெண்களும் பாடிய மெட்டுக்கள் இராக ஆலாபனையை அடுத்து ஒரே மேடையில் ஒலித்தபோது, உயர்கலை, நாட்டார் கலை என்ற எல்லைக்கோடு சற்று நேரமேனும் அழிந்தது. அவருடைய கலையின் முற்போக்கான அம்சம் யாதெனக் கேட்டால் இதனையே நாம் முதலிற் சுட்டுவோம்.

இவ்விசையின் ஊற்றுக்களுள் ஒன்று பெண்களின் குரல். சிறுவயதிலே பாலாஜி கோவிலுக்குச் செல்லும் வழியில் ரசூலன் பாய், பதூலன் பாய் ஆகிய இருவரின் வீட்டருகே சென்றதையும், இசையின்பால் தமக்குப் பற்று ஏற்பட்டது அவர்களின் பாட்டைக் கேட்டே என்பதையும் அவர் மறைக்காது கூறியுள்ளார். ரசூலன் பாய் (1902 - 1974) காசியின் தும்ரி மரபிலே தலைசிறந்த பாடகியருள் ஒருவர், கணிகையர் மரபினர். அவர்களின் மரபு புதிய மத்தியதர வர்க்க ஒழுக்கத்தின் பெயரால் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டது. 1969 இல் அகமதாபாத்தில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தில் ரசூலன் பாயின் வீடு எரிக்கப்பட்டது. வறுமையிலேயே அவரது இறுதிக்காலம் கழிந்தது. அவரது குரலின் சாயலை ஷெனாய் வழியாகக் கேட்டு மகிழ்ந்த அதே சமுதாயம் அக்குரலுக்கு உரியவரைக் காக்கவில்லை. ஷெனாய் மேடையேறிய கதையை வெற்றிக் கதையாக மட்டும் கூறுவோர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

4

1947 ஓகஸ்டில் இந்தியா சுதந்திரம் பெற்றபோது டில்லியில் பிஸ்மில்லா கானின் ஷெனாய் ஒலித்தது. 1950 ஜனவரி 26 இல் குடியரசு மலர்ந்த நாளிலும் செங்கோட்டையில் அவர் வாசித்தார். 1947 ஓகஸ்ட் நிகழ்வுகளில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பிற் சென்ற தி. ந. இராஜரத்தினம்பிள்ளையின் நாதசுவரமும் டில்லியில் ஒலித்தமை தமிழ் வாசகர் நினைவுகூரத்தக்கது. வடக்கின் மங்கல வாத்தியமும் தெற்கின் மங்கல வாத்தியமும் ஒரே தருணத்தில் ஒரே நகருக்கு அழைக்கப்பட்டமை தற்செயலானதன்று. புதிய அரசு தனது பிறப்பை அறிவிக்கப் பழைய வாயில் இசையை நாடிற்று. ஜமீன்தாரின் வாயிலில் நின்ற கருவி தேசத்தின் வாயிலுக்கு மாற்றப்பட்டது. பெருமை பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் கருவி ஆற்றிய பணி வாயிற்பணியாகவே இருந்தது.

அடுத்த ஆண்டுகளில் விருதுகள் தொடர்ந்தன. 1956 இல் சங்கீத நாடக அக்கடமி விருது. 1961 இல் பத்மஸ்ரீ. 1968 இல் பத்மபூஷண். 1980 இல் பத்மவிபூஷண். 2001 இல் பாரத ரத்னா. 1959 இல் வெளிவந்த 'கூஞ்ச் உட்டீ ஷெனாய்' என்ற இந்தித் திரைப்படம் ஷெனாய்க் கலைஞன் ஒருவனைக் கதைத்தலைவனாக்கியது. அதற்கு வாசித்தவர் பிஸ்மில்லா கானே. 1977 இல் 'சனாதி அப்பண்ணா' என்ற கன்னடப் படத்துக்கும் அவர் வாசித்தார். அரசும் சந்தையும் ஒருசேர அவரைத் தழுவிக்கொண்டன.

இதே காலத்தில் அவர் பிறந்த உலகத்துக்கு நேர்ந்தது யாது? 1950 இல் இயற்றப்பட்ட பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. அது வரலாற்றின் தேவை. அதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஜமீன் வாயில்களிலிருந்து விடுவிக்கப்பட்ட இசைத் தொழிலாளர்க்கு மாற்றுப் பிழைப்பு எதனையும் எவரும் வகுக்கவில்லை. நிலத்தை உழுதவனுக்குச் சட்டத்தில் ஓர் இடமேனும் இருந்தது. வாயிலில் ஊதியவனுக்கு அதுவும் இருக்கவில்லை. ஏற்கெனவே பிரித்தானியர் ஆட்சிக் காலத்திற் பரவிய பித்தளை வாத்தியக் குழுக்கள் திருமண ஊர்வலங்களிலிருந்து ஷெனாயை வெளியேற்றத் தொடங்கியிருந்தன. தேசம் ஒரு ஷெனாய்க்காரரை முடிசூட்டிய அதே ஆண்டுகளில் ஷெனாய்க்காரர் பலர் தொழிலிழந்தனர்.

அவரைத் தேசியச் சின்னமாக்கியோர் கவனிக்கத் தவறிய காட்சி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தின் எட்டாம் நாளில் அவர் காசியின் தல்மண்டியிலிருந்து பாத்திமான் வரை கர்பலாவின் தியாகிகளை நினைந்து இரங்கற்பாவை ஊதியவாறு நடந்து செல்வார். அங்கே மேடையில்லை, ஊதியமில்லை, விருதுமில்லை. தம் குடியினர் நடுவே அவர்களுள் ஒருவராக, கண்ணீரோடு நடந்தபடி வாசித்தார். கோவிலுக்கு வாசித்த முஸ்லிம் என்ற சித்திரத்தை விரும்பியோர், முஸ்லிமாகவே வாசித்த இந்த முஸ்லிமை அவ்வளவாக எடுத்துக் காட்டுவதில்லை. ஒரு சிறுபான்மையினர் பெரும்பான்மையினரின் தெய்வத்துக்கு ஆற்றும் தொண்டே மதச்சார்பின்மையின் சான்றெனக் கொள்ளப்படுமாயின், அது சமத்துவத்தின் மொழியன்று. நிபந்தனையோடு கூடிய ஏற்பின் மொழியாகும். பிஸ்மில்லா கானோ இரண்டையும் ஒரே மூச்சில் வாழ்ந்தவர். அவருக்கு அது கொள்கையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. காசித் தெருக்களின் வாழ்முறையாகவே அது இருந்தது.

5

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். புல்லாங்குழல் இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றது. ஷெனாய் பயில்வோர் அருகிவிட்டனர். இவ்வேறுபாட்டைக் காசியைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் வரலாற்றிலேயே காணலாம். பிரசன்னா குடும்பத்தினர் ஷெனாய், புல்லாங்குழல் இரண்டிலும் வல்லவர்கள். அக்குடும்பத்தின் ரகுநாத் பிரசன்னாவும் போலாநாத் பிரசன்னாவும் குழலிசைக்குப் பெயர் பெற்றவர்கள். 1938 இல் அலகாபாத்தில் மல்யுத்த வீரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இசைக் குடும்பப் பின்னணி எதுவுமின்றி வளர்ந்த ஹரிப்பிரசாத் சௌராசியா, போலாநாத் பிரசன்னாவிடம் புல்லாங்குழல் பயின்றார்; பின்னர் அன்னபூர்ணா தேவியிடமும் கற்று உலகப் புகழ் பெற்றார். இசைமரபுக்கு வெளியேயிருந்து வந்த இளைஞன் ஒருவன் துணிந்து கையிலெடுக்கக் கூடியதாகப் புல்லாங்குழல் இருந்தது. ரகுநாத்தின் மகனான ராஜேந்திர பிரசன்னா (பிறப்பு 1956) இரு கருவிகளையும் வாசித்து வருபவர். 2002 இல் லண்டனில் ஜோர்ஜ் ஹரிசன் நினைவாக நடைபெற்ற இசை நிகழ்ச்சியில் அவரது ஷெனாய் ஒலித்தது. இரண்டையும் ஒருவரே வாசித்தபோதும், வெளியிலிருந்து மாணவரைப் பெருமளவில் ஈர்த்தது குழலே.

காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது பொருளாதாரம். குழல் வாசிப்பவன் ஒரு தம்புராவோடும் தபலாவோடும் மேடையேறிவிடலாம். ஷெனாய் மரபாக ஒரு குழுவின் இசை. சுருதி பிடிப்போர், உடன் வாசிப்போர், துக்கட் வாசிப்போர் என ஒரு குழுவையே அது வேண்டி நிற்கின்றது. கச்சேரிச் சந்தை தனிமனிதனுக்கு விலை கொடுத்தது, குழுவுக்குக் கொடுக்கவில்லை. பெரியதொரு குடும்பத்தையும் உடன் வாசித்த உறவினரையும் தம் வருவாயினாலேயே தாங்கிய பிஸ்மில்லா கானின் இறுதிக்காலத்துப் பொருள் நெருக்கடி, தனிப்பட்ட தாராள மனத்தின் விளைவு மாத்திரமன்று. பழைய கூட்டுத்தொழிலின் பொறுப்புக்களைப் புதிய சந்தையின் தனிநபர் ஊதியத்தால் நிறைவேற்ற நேர்ந்த முரண்பாடே அது.

இரண்டாவது சாதியும் தொழிலும் பற்றிய மனப்பான்மை. மத்தியதர வர்க்கப் பெற்றோர் தம் பிள்ளைக்குச் சித்தாரும் குழலும் பயிற்றுவிக்க விரும்பினர். கலியாண வீட்டில் ஊதும் கருவியைப் பயிற்றுவிக்க விரும்பவில்லை. அனந்த் லால், அலி அகமது உசைன் கான் போன்ற சிறந்த ஷெனாய்க் கலைஞர்கள் பிஸ்மில்லா கானின் காலத்திலும் பின்னரும் வாழ்ந்தனர். பாகேஸ்வரி கமர் என்ற பெண்மணி அவரிடமே பயின்று மேடையேறினார். இவை மதிப்புக்குரிய விதிவிலக்குகள். ஒருவரை வணங்கியமையால் அவர் கருவி மீதிருந்த இழிவு நீங்கிவிட்டது என்று சமுதாயம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டது.

மூன்றாவது ஒலிப்பதிவு. பியானோ செய்பவனின் உழைப்பையும் பியானோ வாசிப்பவனின் உழைப்பையும் மார்க்ஸ் ஓரிடத்தில் வேறுபடுத்திக் காட்டியுள்ளார். செய்தவனின் உழைப்பு மூலதனத்தோடு பரிமாறப்படும் ஒன்று. வாசித்தவனின் உழைப்பு கேட்பவரின் செவியோடு முடிந்துவிடுவது. ஒலிப்பதிவு இந்நிலையை மாற்றியது. வாசித்தவனின் மூச்சு அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு விற்பனைப் பண்டமாயிற்று. இதன் விளைவைத் திருமண மண்டபங்களிற் காணலாம். பிஸ்மில்லா கானின் ஒலிநாடா கிடைத்த பின்னர், உள்ளூர் ஷெனாய்க்காரனை அழைப்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று. மிகச் சிறந்த ஷெனாய்க்காரரின் வாசிப்பே ஏனைய ஷெனாய்க்காரரின் பிழைப்பைப் பறிக்கும் கருவியாக மாறியது. இதற்கு அவரைக் குறைகூறுதல் அறியாமை. முதலாளித்துவ உற்பத்தி முறையில் ஒருவரின் மேன்மை அவர் தோழரின் வீழ்ச்சியாக மாறுதல் அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று.

2006 ஓகஸ்ட் 21 இல் காசியில் அவர் காலமானார். பாத்திமான் மையவாடியில் வேப்பமரமொன்றின் நிழலில் ஷெனாய் ஒன்றும் அவரோடு வைக்கப்பட்டு அடக்கம் நடைபெற்றது. இராணுவ மரியாதையும் வழங்கப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின்னர், 2016 டிசெம்பரில், அவரது வீட்டாரிடமிருந்து அவருடைய ஷெனாய்கள் சில திருட்டுப் போயின. வெள்ளியாலான கருவிகள் நகைவணிகரிடம் விற்கப்பட்டு உருக்கப்பட்டுவிட்டமை அடுத்த மாதம் தெரியவந்தது. செய்தித்தாள்கள் இதனை ஒழுக்கக் கேடாகக் கண்டு வருந்தின. நாம் இதில் வேறொன்றையும் காண்கின்றோம். ஊதுவோர் உள்ளவரை ஷெனாய்க்குப் பயன்மதிப்பு உண்டு. ஊதுவோர் இல்லாதொழிந்த வீட்டிலும் தெருவிலும் அதற்கு எஞ்சுவது வெள்ளியின் எடைக்குரிய பரிவர்த்தனை மதிப்பு மட்டுமே. கருவியை உருக்கியது பொற்கொல்லனின் உலை. உருக்கத்தக்க உலோகமாக அதனை ஆக்கியது அரை நூற்றாண்டுக்கு மேலாக அத்தொழிலைக் கைவிட்ட சமுதாயம்.

6

நமது வாதத்தைத் தவறாக விளங்கிக்கொள்வோர் இருவகையினர் இருத்தல் கூடும். கலையைப் பொருளாதாரமாகக் குறுக்கிவிட்டோம் என ஒரு சாரார் கூறலாம். பிஸ்மில்லா கானின் இசையிலே நாம் கேட்பது வர்க்க நிலைமைகளின் எதிரொலியை மாத்திரமன்று. விடியற்காலத்தில் நதிக்கரையில் ஒருவர் மூச்சடக்கி நிறுத்திய சுரம் அந்நிலைமைகளைக் கடந்து நம்மிடம் வருகின்றது. வருவதனாலேயே அதைப் பற்றி எழுத நேர்ந்தது. எனினும் அச்சுரம் கடந்து வந்தது எவற்றை என்று அறியாமல், கடந்து வந்ததன் அருமையையும் அறிய முடியாது. மறுசாரார், நிலமானியத்தின் வாயில் இசை அழிந்தமைக்கு இரங்குவது பிற்போக்கு எனலாம். வாயில் மாடம் மீள வேண்டுமென நாம் கோரவில்லை. வாயிலில் நின்றோரிடம் இருந்த அறிவு, வாயில் இடிந்தபோது அவர்களோடு சேர்ந்து புதையுண்டமையே நம் கவலை. பழைய சமுதாயம் உழைப்பாளியைத் தாழ்த்தி அவன் கலையைப் பேணிற்று. புதிய சமுதாயம் அவர்களுள் ஒருவரை உயர்த்தி, எஞ்சியோரையும் அவர் கலையையும் கைவிட்டது. இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு வழியைத் தேடுவதே முற்போக்குப் பண்பாட்டியக்கத்தின் பணியாகும்.

அவ்வழி விருதுகளினால் அமையாது. கருவியைப் பயிற்றுவிக்கும் பள்ளிகள், குழுவாக வாசிப்போர்க்குக் குழுவாகவே ஊதியம், ஒலிப்பதிவின் வருவாயில் உரிய பங்கு, எக்குடிப் பிறந்தோரும் அதனைக் கூச்சமின்றிக் கற்கும் நிலைமை ஆகியனவே கலையைத் தலைமுறை கடந்து வாழவைப்பன. கலைஞர் வரலாறு எழுதுவோரும் இவற்றை மறக்கலாகாது. தலைமைக் கலைஞரின் பெயரோடு, அவருக்குப் பின்னால் அமர்ந்து சுருதி பிடித்தவர்களின் பெயரும், அவருக்குச் சீவாளி கட்டித் தந்தவர்களின் தொழிலும், அவர் கேட்டு வளர்ந்த பெண்களின் பாட்டும் அவ்வரலாற்றில் இடம்பெறல் வேண்டும்.

இதனை வாசிக்கும் நம்மவர்க்கு இது காசியின் கதை மட்டுமன்று. நமது திருமணங்களிலே தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்க வேண்டும் என நாம் எதிர்பார்க்கின்றோம். முழங்கி முடிந்த பின்னர் அக்கலைஞர் எங்கே அமர்ந்து, யாருடன் உணவருந்துகின்றார் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கின்றோம்? பிஸ்மில்லா கானின் இசைத்தட்டை வீட்டில் வைத்து மகிழும் ஆய்வாளரும் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவரே.